கல்லுக்குள் காற்று

திருவிழாக் கொடியேற்றத்துக்குச் சில நாள்கள் முன்னதாகக் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். இன்று வண்ணக் குழம்புகள் வாளி வாளியாக வந்து இறங்குகின்றன, முன்பெல்லாம் சுண்ணாம்புதான். காளவாயில் சுட்ட கிளிஞ்சலையோ கல்லையோ தொட்டியில் இட்டுத் தண்ணீர் ஊற்றினால், அது சீறிப் புகைந்து கொதித்து, வெண்ணிற மாவாகப் பூக்கும். அதை வடிகட்டிச் சிறிது நீலம் கலந்து பூசுவார்கள். பூசிய பொழுதில் மங்கலாய்த் தெரியும் சுவர், ஈரம் காயக் காயப் பளிச்சிடும். நாளடைவில் அந்தப் பூச்சு இறுகிச் சுவரோடு சுவராகிவிடும். ஈரம் காய்வதனால் மட்டும் அது இறுகுவதில்லை. காற்றில் கலந்துள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக உள்வாங்கி, காளவாயில் தான் இழந்த கல் தன்மையை மீண்டும் அடைகிறது; அதனாலேயே இறுகுகிறது.

கல்லுக்குள் தேரை உண்டு என்று கேட்டிருக்கிறோம். கல்லுக்குள் காற்று உண்டா? உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமன்று. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்து முற்றிலும் சுட்டால் எஞ்சுவது 56 கிலோதான். மீதி 44 கிலோவும் கரியமிலவாயுவாய்ப் பறந்துவிடுகிறது. அப்படியானால் நாம் திடமென்றும் அசையாததென்றும் நம்பும் ஒரு சுண்ணாம்புக்கல் மலையில் ஏறத்தாழப் பாதி, ஒரு காலத்தில் காற்றாய்த் திரிந்ததுதான். ஒரு கோளின் காற்று மண்டலமே கல்லுக்குள் புகுந்து அடைபடக்கூடும் என்பதையும், அப்படி அடைபட்டதால்தான் நாம் இங்கு உயிர் வாழ்கிறோம் என்பதையும் மனிதன் உணர இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த நெடிய வரலாற்றையே இங்குச் சுருங்கக் காண விழைகிறோம்.

எடைத்தட்டு சொன்ன செய்தி

கதை ஒரு பங்கில் தொடங்குகிறது. இலண்டனுக்கு அருகிலுள்ள டெடிங்டன் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் சபையின் பங்குக்குருவாய் விளங்கியவர் ஸ்டீபன் ஹேல்ஸ். செடி கொடிகளின் உள்ளே நீர் எவ்வாறு ஏறுகிறது என்று அளந்து பார்த்த அவர், 1727-இல் வெளியிட்ட தம் நூலில் மற்றொரு செய்தியையும் எழுதினார். மரம், எலும்பு, உப்பு, கல் எனப் பலவற்றைச் சூடாக்கி, அவற்றிலிருந்து கிளம்பும் காற்றை நீருக்கு மேல் கவிழ்த்த பாத்திரத்தில் பிடித்து அளந்தார். திடப் பொருள்களுக்குள் காற்று கட்டுண்டு கிடக்கிறது என்பது அவரது முடிவு. ஆனால் காற்றில் பல வகை உண்டு என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குக் காற்று என்றால் ஒரே காற்றுதான்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஜோசப் பிளாக். 1728-இல் பிறந்து, கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் மருத்துவம் பயின்றவர். அக்காலத்தில் நீர்ப்பையில் உண்டாகும் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்பு நீரைக் குடிக்கக் கொடுப்பது வழக்கம். சுட்ட கல்லின் சுண்ணாம்பு சிறந்ததா, சிப்பிச் சுண்ணாம்பு சிறந்ததா என்று எடின்பரோவில் இரு பேராசிரியர்களுக்குள் பெரும் பூசல் நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் சண்டையில் மாட்டிக்கொள்ள விரும்பாத இளைஞர் பிளாக், சுண்ணாம்பை விட்டுவிட்டு வெள்ளை மக்னீசியா என்னும் பொருளைத் தம் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆய்வேடு 1754-இல் முடிந்தது. அதன் விரிவான கட்டுரை 1756-இல் அச்சேறியது. ஆனால் உண்மை அவரை விடவில்லை. மக்னீசியாவில் தொடங்கிய ஆய்வு சுண்ணாம்புக்கே அவரைத் திருப்பி அழைத்து வந்தது.

சுட்ட சுண்ணாம்பு ஏன் நாவைப் பொத்துவிக்கிறது? நெருப்பின் சாரம் கல்லுக்குள் ஏறிவிட்டதனால் என்று எல்லாரும் சொல்லி வந்தனர். பிளாக் தர்க்கம் பேசவில்லை, தராசை எடுத்தார். சுடும் முன்பும் சுட்ட பின்பும் நிறுத்தார். நெருப்பு எதையும் சேர்க்கவில்லை. மாறாகக் கல் எடை குறைந்திருந்தது. குறைந்த எடை, கல்லை விட்டு வெளியேறிய காற்றின் எடை. வேறொரு காரப் பொருளிலிருந்து அதே காற்றைச் சுண்ணாம்புக்கு மீட்டுக் கொடுத்தபோது இழந்த எடையும் திரும்பியது, கல்லும் கல்லாயிற்று. கல்லில் நிலைகொண்டிருந்த அக்காற்றுக்கு ‘நிலைத்த காற்று’ என்று அவர் பெயரிட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதினால் அது பால்போல் வெளுப்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் செய்து காட்டுகின்றனர். அந்த வெண்மை, நம் மூச்சு கல்லாகும் காட்சியேயாகும். அது வெறும் காற்றன்று, தனி இயல்புடைய ஒரு வாயு என்பதைப் பிளாக் நிறுவினார். அது கரியும் உயிர்வாயுவும் சேர்ந்தது என்பதைப் பின்னாளில் பிரான்சில் லவாய்சியர் தெளிவாக்கினார்.

துப்பாக்கிக் குழாயில் வெந்த கல்

பிளாக்கின் நெருங்கிய நண்பர் ஜேம்ஸ் ஹட்டன். இன்றைய நிலவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். மலைகள் தேய்ந்து மண்ணாகி ஆற்றோடு கடல் சேர்கின்றன. கடலடி வண்டல் பூமியின் உள்வெப்பத்தால் இறுகிக் கல்லாகி மீண்டும் எழுகிறது என்பது அவரது கொள்கை. 1785 மார்ச்சில் எடின்பரோ அரசுக் கழகத்தில் அதன் முதற்பகுதியை வாசிக்க வேண்டிய நாளில் ஹட்டன் நோயுற்றிருந்தார். நண்பருக்காக அதை வாசித்தவர் பிளாக்.

ஆனால் நண்பரின் கண்டுபிடிப்பே நண்பரின் கொள்கைக்கு இடையூறாய் வந்து நின்றது. வெப்பம் பட்டால் சுண்ணாம்புக்கல் தன் காற்றை இழந்துவிடும் என்று பிளாக் காட்டினாரே. அப்படியானால் பூமியின் உள்வெப்பத்தில் சலவைக்கல் எப்படி உருவாக முடியும்? மேலே கிடக்கும் பாறைகளின் பேரழுத்தம் காற்றை வெளியேற விடாது என்பது ஹட்டன் தந்த விடை. அதைச் சோதித்துப் பார்க்க ஜேம்ஸ் ஹால் என்னும் இளைய நண்பர் விரும்பினார். சிறு குகையில் நெருப்பை மூட்டிப் பூமியின் பெருஞ்செயல்களை அளக்க முனைவது வீண் என்று ஹட்டன் கருதியதால், 1797-இல் அவர் மறையும்வரை ஹால் பொறுத்திருந்தார். அதன்பின் துப்பாக்கிக் குழாய்களில் சுண்ணக்கட்டித் தூளை அடைத்து, வாயை இறுக மூடி, உலையில் இட்டுச் சுட்டார். பல குழாய்கள் வெடித்தன. அவர் தளரவில்லை, நூற்றுக்கணக்கான முறை முயன்றார். கடைசியில் குழாயைத் திறந்தபோது தூள் தன் காற்றை இழக்காமலே இறுகிச் சலவைக்கல்லை ஒத்திருந்தது. 1805-இல் இதனை அவர் கழகத்தின் முன் வைத்தார். அழுத்தம் உள்ளவரை பூட்டு நிற்கும். அழுத்தம் விட்டு வெப்பம் மிஞ்சினால் பூட்டு திறக்கும். இந்த உண்மையை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

மறக்கப்பட்ட பொறியாளர்

கல்லுக்குள் காற்று இருக்கிறது என்பது தெரிந்தாயிற்று. அது எப்படி உள்ளே போயிற்று? இதற்கு விடை கண்டவர், பிரான்சு நாட்டின் சுரங்கப் பொறியாளர் ஜாக் ஜோசப் எபல்மென். 1814-இல் பிறந்தவர், பின்னாளில் செவ்ர் நகரின் புகழ்பெற்ற பீங்கான் தொழிற்சாலையை நடத்தியவர். பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண் எங்கிருந்து வருகிறது? கடும்பாறை மக்கி உதிர்வதிலிருந்து வருகிறது. எபல்மென் ஒரே பாறையின் மக்காத பகுதியையும் மக்கிய பகுதியையும் எடுத்து, எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பகுத்தாய்ந்தார். மக்கிய பாறையில் சுண்ணகமும் மக்னீசியமும் பெரும்பாலும் காணாமற்போயிருந்தன. அவை எங்கே போயின?

அவர் 1845-இல் எழுதிய விடையை இன்றைய சொற்களில் இவ்வாறு கூறலாம். மழைத்துளி விழும்போதும் மண்ணுள் இறங்கும்போதும் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு, சோடா நீரைப் போன்ற மிக மெல்லிய புளிப்பை அடைகிறது. அந்தப் புளிப்பு பாறையை ஆண்டுக்கணக்கில் அரித்து, களிமண்ணைப் பின்னே விட்டுவிட்டு, சுண்ணகத்தையும் கரைந்த கரியமிலவாயுவையும் ஆற்று நீரில் ஏற்றி அனுப்புகிறது. கடலில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அவ்விரண்டையும் சேர்த்துத் தம் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. அவை மடிந்து கடலடியில் விழுந்து, அடுக்கடுக்காய்ப் படிந்து, சுண்ணாம்புக்கல் ஆகின்றன. வானில் இருந்த காற்று இவ்வாறு பாறையாகிப் படுத்துவிடுகிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மழை அரிப்பது சுண்ணாம்புக்கல்லையே என்றால் காற்றுக்கு இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை. கல்லை அரிக்கையில் பிடித்த வாயுவை, கடலில் மீண்டும் சுண்ணாம்பு படியும்போது அப்படியே விட்டுவிடும். மழை அரிப்பது கருங்கல், எரிமலைக்கல் போன்ற சிலிக்கேட்டுப் பாறையாய் இருந்தால்தான் கணக்கில் மிச்சம் விழும். அங்கே இரண்டு பங்கு வாயு பிடிபடுகிறது. ஓடு கட்டும்போது ஒரு பங்கு வெளியேறுகிறது. ஒரு பங்கு கல்லுக்குள் தங்கிவிடுகிறது. ஆகவே காற்றைப் பூட்டுவது சுண்ணாம்புக்கல் என்றாலும், பூட்டுவதற்கு வேண்டிய பொருளைத் தருவது கருங்கல்லே.

மரங்களும் கரியமிலவாயுவை உண்கின்றனவே என்று நம்முள் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் மரம் விழுந்து மக்கினால், அல்லது எரிந்தால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மக்காமல் மண்ணில் புதையும் சிறு பகுதியே நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் தங்குகிறது. மரத்தின் சேமிப்பு சில தலைமுறைகளுக்கு. கல்லின் சேமிப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு.

எபல்மென் இத்தோடு நிற்கவில்லை. பூட்டு மட்டும் இருந்து திறப்பு இல்லையென்றால் என்னவாகும் என்றும் சிந்தித்தார். காற்றிலுள்ள கரியமிலவாயு முழுவதும் தீர்ந்துபோயிருக்க வேண்டுமே! தீரவில்லையெனில் எங்கிருந்தோ அது திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும். எரிமலைகளே அந்த வாயில் என்று அவர் சுட்டிக்காட்டினார். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கும் இந்தச் சுழற்சியை அந்நாளிலேயே அவர் கண்டுகொண்டது வியப்புக்குரியது. எனினும் 1852-இல், முப்பத்தேழு வயதில், அவர் மறைந்தார். அவர் எழுதியதும் சுரங்கத்துறை இதழின் பழைய தொகுதிகளில் தூசியடைந்து கிடந்தது. ஒரு நூற்றாண்டுக்குப்பின் பிறர் தாமே முயன்று அதே உண்மையைக் கண்டனர். அடிப்படைகளை எபல்மென் முன்பே கூறிவிட்டார் என்பதை, அமெரிக்க அறிஞர் ராபர்ட் பெர்னரும் அவருடன் மாஷ் என்பவரும் 1996-இல் ஒரு கட்டுரை எழுதி உலகுக்கு நினைவூட்டினர். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். ஆனால் விதைத்தவருக்கு உரிய நன்றியை 151 ஆண்டுகள் கழித்தேனும் செலுத்தினார்களே என்று நாம் மகிழலாம்.

கணக்குப் பார்த்த சுவீடன் அறிஞர்கள்

இதற்கிடையில் கரியமிலவாயுவின் மற்றொரு குணம் வெளிப்பட்டது. அது வெயிலை உள்ளே விடும். ஆனால் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஜான் டிண்டல் 1859-இல் தொடங்கிய சோதனைகள் இதை உறுதி செய்தன. சுவீடன் நாட்டின் ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் அவ்வாயு கூடினாலும் குறைந்தாலும் பூமியின் வெப்பம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு 1896-இல் வெளியிட்டார்.

அக்கணக்குக்குத் துணைநின்றவர் அவருடைய நாட்டவரான நிலவியலார் அர்விட் ஹாக்பம். உலகின் சுண்ணாம்புக்கற்களில் அடைபட்டுள்ள கரியமிலவாயு, அன்றைய காற்றில் இருந்ததைப்போல ஏறத்தாழ 25,000 மடங்கு என்று அவர் மதிப்பிட்டார். நாம் சுவாசிக்கும் வெளியில் உலவுவது கைப்பிடி; கல்லறையில் துயில்வதோ களஞ்சியம். அக்காலத்தில் உலகம் ஓராண்டில் எரித்த நிலக்கரி ஏறத்தாழ 50 கோடி டன். அதனால் எழும் வாயுவும், பாறை அரிப்பினால் ஆண்டுதோறும் பூட்டப்படும் வாயுவும் அவர் கணக்கில் ஏறத்தாழச் சமமாய் இருந்தன. மனிதனின் அடுப்பு பூமியின் தராசில் ஒரு தட்டாக ஏறியமர்ந்துவிட்டதை அன்றே அவர் கண்டார். ஆயினும் அதை அவரோ அரீனியஸோ ஓர் ஆபத்தாகக் கருதவில்லை. குளிர்நாட்டார் அல்லவா? சற்று வெப்பம் கூடினால் நல்லதுதானே என்று எண்ணினர்.

வெள்ளியும் செவ்வாயும்

இருபதாம் நூற்றாண்டில் பார்வை பூமியைக் கடந்து சென்றது. நோபல் பரிசு பெற்ற வேதியியலார் ஹெரல்டு யூரி, 1952-இல் கோள்களைப் பற்றி எழுதிய நூலில், சிலிக்கேட்டுப் பாறையும் கரியமிலவாயுவும் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகும் வினையே ஒரு கோளின் காற்றை நிர்ணயிக்கவல்லது என்று எடுத்துக்காட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளில் விண்கலங்கள் சென்று அதைச் சோதிக்கும் வாய்ப்பு வந்தது.

வெள்ளிக்கோள் உருவத்திலும் எடையிலும் பூமியை ஒத்தது. அதன் மேகங்களுக்கு அடியில் சோலைகள் இருக்கக்கூடும் என்றுகூட ஒரு காலத்தில் கற்பனை செய்தனர். 1967-இல் சோவியத் நாட்டின் வெனிரா-4 அதன் காற்றில் இறங்கி, அது பெரும்பாலும் கரியமிலவாயு என்று அறிவித்தது. 1970-இல் வெனிரா-7 தரையைத் தொட்டது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 460 டிகிரி. ஈயம் உருகி ஓடும் சூடு. காற்றின் அழுத்தம் நம் பூமியைப்போல் 90 மடங்குக்கு மேல். கடலுக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் நிற்பதற்குச் சமம். வெள்ளியில் மட்டும் ஏன் இவ்வளவு கரியமிலவாயு என்று கேட்டவர்கள், பூமியின் கற்களில் அடைபட்டதைக் கூட்டிப் பார்த்துத் திகைத்தனர். இரண்டும் ஒப்பிடத்தக்க அளவே! உடன்பிறந்தோர் இருவருக்கும் கிடைத்த சொத்து கிட்டத்தட்ட ஒன்றே. பூமி அதைக் கல்லுக்குள் பூட்டி வைத்தது. வெள்ளி வானில் இறைத்துவிட்டது. காரணம் தண்ணீர். கதிரவனுக்கு அண்மையில் இருந்ததால் வெள்ளி தன் நீரை ஆவியாக இழந்துவிட்டது என்று அறிஞர் கருதுகின்றனர். மழை இல்லையேல் பாறை அரிப்பு இல்லை; அரிப்பு இல்லையேல் பூட்டு இல்லை. 

செவ்வாயின் நிலை இதற்கு நேர்மாறு. 1965-இல் மாரினர்-4 அதைக் கடந்து சென்றபோது, அதன் காற்று நம் காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. ஆனால் 1971-இல் அதைச் சுற்றத் தொடங்கிய மாரினர்-9, வறண்டுபோன ஆற்றுப் படுகைகளைப் படம்பிடித்தது. ஒரு காலத்தில் நீர் ஓடியதெனில் அதற்கேற்ற கனத்த காற்றும் இருந்திருக்க வேண்டும். அந்தக் காற்று எங்கே? கல்லுக்குள் போயிருக்கும் என்று எதிர்பார்த்துப் பலர் தேடினர். தேடல் நெடுங்காலம் ஏமாற்றமே தந்தது. 2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடபகுதி மண்ணில் சிறிதளவு கால்சியம் கார்பனேட்டைக் கண்டது. ஸ்பிரிட் என்னும் ஊர்தி ஆராய்ந்த ஒரு பாறையில் கார்பனேட்டு மிகுந்திருப்பதாக 2010-இல் அறிவித்தனர். கியூரியாசிட்டி ஊர்தி ஒரு பெரும்பள்ளத்தின் நடுவே எழுந்த மலையில் துளையிட்டு எடுத்த தூளில், இரும்புக் கார்பனேட்டு ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம்வரை இருந்ததை 2025-இல் வெளியிட்டனர். எனினும் எல்லாமே கல்லுக்குள் போய்விடவில்லை. 2014 முதல் செவ்வாயைச் சுற்றும் மாவென் கலத்தின் அளவீடுகளின்படி, அதன் காற்றின் பெரும்பகுதி விண்வெளிக்குப் பறந்துபோயிற்று.

இதில் நாம் கருத வேண்டியது வேறொன்று. செவ்வாய் சிறிய கோள். விரைவில் உள்ளே குளிர்ந்துவிட்டது. பூட்டியதைத் திருப்பித் தரும் எரிமலைகள் அங்கே அடங்கிப்போயின. அடைபட்டது அடைபட்டபடியே கிடந்தது. பறந்தது பறந்தபடியே போயிற்று. வெள்ளியில் பூட்டே இல்லை. செவ்வாயில் பூட்டுக்குச் சாவி இல்லை. பூட்டும் சாவியும் ஒருங்கே அமைந்த வீடு, நாம் அறிந்த அளவில் பூமி ஒன்றே.

பூமியின் துலாக்கோல்

அந்தச் சாவி எது? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. கடலடித் தட்டு கண்டத்தின் அடியில் புகுந்து ஆழ்ந்து செல்லும்போது, தன்மேல் படிந்த சுண்ணாம்புக்கல்லையும் சுமந்து செல்கிறது. ஆழத்து வெப்பத்தில் அதன் ஒரு பகுதி காற்றை விட்டுவிடுகிறது. அக்காற்று எரிமலை வாய்களின் வழியே மேலே வருகிறது. துப்பாக்கிக் குழாயில் ஹால் கண்ட பூட்டும் திறப்பும் இங்கே மலையளவில் நடக்கின்றன. பூமியின் அடிவயிறு ஒரு பெருங்காளவாய் எனலாம்.

1981-இல் ஜேம்ஸ் வாக்கர், பால் ஹேய்ஸ், ஜேம்ஸ் காஸ்டிங் என்னும் மூவர் இச்சுழற்சியின் உட்பொருளை விளக்கினர். கதிரவன் தொடக்கத்தில் இன்றைவிட ஏறத்தாழ 30 சதவீதம் மங்கலாயிருந்தான். ஆயினும் பழங்காலத்திலேயே பூமியில் நீர் உறையாமல் ஓடியதற்குச் சான்றுகள் உள்ளன. எப்படி? வெப்பம் கூடினால் மழை கூடும், பாறை விரைந்து அரியும், வாயு அதிகமாகப் பூட்டப்படும். அதனால் வெப்பம் தணியும். குளிர் மிகுந்தால் அரிப்பு மந்தமாகும். எரிமலை விடும் வாயு காற்றில் தேங்கும். அதனால் வெப்பம் ஏறும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் தானே எழும் துலாக்கோல் அது. ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி முழுவதையும் பனி மூடியதாகக் கருதப்படும் காலத்திலும் இத்துலாக்கோலே கைகொடுத்தது. பனிக்கு அடியில் பாறை அரிப்பு நின்றுபோக, எரிமலை வாயு சேர்ந்து சேர்ந்து பனியை உருக்கியது. பனி விட்டுச்சென்ற கற்குவியலின் நேர்மேலே தடித்த கார்பனேட்டுப் பாறை படிந்திருப்பதை ஆப்பிரிக்காவின் நமீபியாவில் இன்றும் காணலாம். கரைந்த பனியும் பெருமழையும் காற்றை மீண்டும் கல்லாக்கிய சுவடு அது.

கல்லின் காலமும் நம் காலமும்

இவ்வளவு கேட்டபின், “அப்படியானால் கவலை எதற்கு? பூமி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமே” என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். நாமும் பல இடங்களில் இப்பேச்சைக் கேட்டிருக்கிறோம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே இது முழுப் பொய்யைவிட ஏமாற்றுவது.

பூமி சரிசெய்துகொள்ளும் என்பது மெய்; ஆனால் எவ்வளவு காலத்தில்? ஏறத்தாழ 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பெருமளவு கரி குறுகிய காலத்தில் காற்றிலும் கடலிலும் கலந்தது. பூமியின் வெப்பம் 5 டிகிரிக்குமேல் உயர்ந்தது. பழைய நிலை திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாயின. கல்லுக்கு அது கண்ணிமைப்பொழுது. மனிதன் எழுதி வைத்த வரலாறு முழுவதும் ஐயாயிரம் ஆண்டுகளே என்பதை எண்ணினால் நமக்கு அது எவ்வளவு காலம் என்பது விளங்கும்.

அளவையும் பார்ப்போம். உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமிலவாயு 30 முதல் 40 கோடி டன் எனப் பொதுவாக மதிப்பிடுகின்றனர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் ஆகியவற்றால் மனிதர் 2023-இல் வெளியேற்றியதோ ஏறத்தாழ 3,700 கோடி டன். அதாவது நூறு மடங்கு. ஹாக்பம் காலத்தில் தராசின் தட்டில் வந்தமர்ந்த மனிதன், இன்று தராசையே சாய்த்துவிட்டான். ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காய் இருந்த கரியமிலவாயு, 2024-இல் 420 பங்கையும் கடந்துவிட்டது. சிமெண்ட் ஆலையும் ஒரு காளவாய்தான். ஆதிக்கடல் உயிர்கள் கட்டி வைத்த ஓடுகளைச் சுட்டு, அவை அடைத்து வைத்த காற்றை நாம் மீண்டும் விடுகிறோம். அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் படிவங்களும் பழங்கடலின் எச்சங்களே; அவற்றில் கடல்வாழ் உயிர்களின் தடயங்கள் இன்றும் கிடைக்கின்றன. அங்கே வெட்டி எடுக்கும் கல்லும் ஆலையில் வெந்து, நம் வீட்டுச் சுவராகும் முன்னர்த் தன் காற்றை வானுக்குத் தந்துவிடுகிறது.

கல்லின் வேலையை விரைவுபடுத்த முடியாதா என்று சிலர் முயல்கின்றனர். ஐஸ்லாந்தில் 2012-இல், கரியமிலவாயுவை நீரில் கரைத்து 400 மீட்டருக்கும் கீழேயுள்ள எரிமலைக்கல்லுக்குள் செலுத்தினர். நூற்றாண்டுகள் ஆகலாம் என்று எண்ணியிருந்தனர். இரண்டே ஆண்டுகளில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டதாக 2016-இல் அறிவித்தனர். மேலே எடுத்த கல்லின் துளைகளில் வெள்ளை மணிகளாய் அது ஒளிர்ந்தது. பிளாக்கின் சுண்ணாம்பு நீர் வெளுத்த அதே வினைதான். நம் தக்காணத்தின் கரும்பாறையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இது நம்பிக்கை தரும் செய்தி; மறுக்கவில்லை. ஆனால் அங்கு அன்று கல்லானது ஏறத்தாழ 200 டன். நாம் ஆண்டுதோறும் விடுவது 3,700 கோடி டன். வாளியால் இறைக்கக் கற்றுக்கொண்டோம் என்பதற்காக மடையைத் திறந்து வைக்கலாகாது.

பூமியின் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: இந்த வீட்டைக் காத்தது பூட்டும் அன்று, சாவியும் அன்று; இரண்டும் ஒன்றையொன்று அறிந்து, தத்தம் அளவில் நின்றதே காத்தது. வாங்குவதும் கொடுப்பதும் ஒத்துப் போகும்வரை கல் நம் காவலாய் நிற்கும். அந்த அளவை மீறியவர்கள் நாம். கல்லுக்கு அவசரம் இல்லை. அது தன் வேலையை முடித்தே தீரும். அதுவரை காத்திருக்க நம் பேரப்பிள்ளைகளால் ஆகாது.

அடுத்த முறை வெள்ளையடித்த சுவரின் அருகே நிற்கும்போது உள்ளங்கையை அதன்மேல் சற்று வைத்துப் பார்ப்போம். நேற்று யாரோ விட்ட மூச்சும் அதில் கல்லாகிக்கொண்டிருக்கலாம். அவ்வளவு அமைதியாய், அவ்வளவு மெதுவாய்!